வெயிலுகந்தா பிரிச்ச விதை

ஜன்னலைச் சாத்திறவா அண்ணாச்சி? புழுதியா வருது. கண்ணுல ஒரு தூசி விழுந்தாப் பெரிய வம்பாப் போயிரும். எனக்குத் தெரியும். ஒரு கண்ணால நான் பட்ட பாடு இருக்கே, என் எதிரிக்கும் வரக்கூடாது. என் கண்ணு இல்லை, எனக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. என் சம்சாரத்துக் கண்ணு.

அவளைக் கூப்பிடத்தான் போறேன். எட்டயபுரத்துல அவ அண்ணன் வீட்டுல போயி உக்காந்து வருசம் ஒண்ணாகப் போகுது. இந்தத் தடவை அவ இல்லாம ஊருக்குத் திரும்புறதில்லைன்னு முடிவு பண்ணித்தான் பஸ் ஏறியிருக்கேன். சித்திரை பொறந்தா மரத்துல நெத்து முத்திரும், விதை இருக்கிற காயைத்தான் சொல்றேன். அதுக்குள்ள அவ வந்தாகணும். போன வருசம் குடுத்த இடம் இல்லை, மரம் வைக்கிற வேற ஒரு அமைப்புக்காரங்க கிட்ட இந்த வருசம் விதை தாறேன்னு சொல்லி வச்சுட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்ல?

என்ன விதைன்னா கேக்கீக? வேல மர விதை. சிரிக்காதீக. வேல மரம்னதும் எல்லாருக்கும் சீமைக்கருவேல்தான் நெனப்புல வரும். இந்தா, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பாருங்க, அதுதான் நிக்குது. அதுக்கு எவனும் விதை எடுக்க வேண்டாம், நிறுத்தத்தான் ஆளில்லை. நான் சொல்றது நம்ம நாட்டு மரம். நாட்டுக்கருவேல், வெள்வேல், குடைவேல். கம்மாய்ல சீமைக்கருவேலை வெட்டிட்டு அந்த இடத்துல நம்ம மரத்தை வைக்கப் போறோம்னு ஒரு அமைப்பு எங்க ஊருப்பக்கம் வந்துச்சு. எமில்டா மேடம்னு ஒருத்தவுக அதுக்குப் பொறுப்பு. நல்ல மாதிரிதான், குத்தம் சொல்லக்கூடாது. காட்டுல தானா முளைச்சு நிக்கிற மரமாப் பார்த்து, நோய்நொடி இல்லாத தாய்மரமாப் பார்த்து, அதுல இருந்துதான் விதை எடுக்கணும்னாக. மரம் தெரிஞ்ச ஆளு யாரு இருக்கான்னு ஊருக்குள்ள கேட்டாக. நான் கையைத் தூக்கினேன். பின்னே? வெயிலுகந்தாளா தூக்குவா? அவ பேரு வெயிலுகந்தா. நாலு பேரு கூடுற இடத்துல அவ வாயே திறக்க மாட்டா.

அவ ஆட்டுக்காரன் வீட்டுப் பொண்ணு. நடக்கத் தெரிஞ்ச நாள்ல இருந்து ஆட்டுக்குப் பின்னாடி முள்ளுக்காட்டுல திரிஞ்சவ. அதனால மரம் கொஞ்சம் தெரியும். எனக்குந் தெரியும். கருவேல்னா பட்டை கருப்பு, வெள்வேல்னா பட்டை வெள்ளை, குடைவேல்னா தலை குடை மாதிரி விரிஞ்சிருக்கும். இவ்வளவுதானே? இதுக்கு என்ன பெரிய படிப்பு வேணும்?

நாங்க ரெண்டு பேரும் டிவிஎஸ்ஸுல போவோம். நான் ஓட்டுவேன், அவ பின்னாடி உக்காந்திருப்பா. போயிக்கிட்டே இருக்கிறப்ப தோள்ல தட்டி நிப்பாட்டச் சொல்லுவா. நான் நிப்பாட்டிப் பார்ப்பேன். ஒரே சீமைக்கருவேல் காடாத்தான் தெரியும். அவ கையைக் காட்டுவா. அந்தக் காட்டுக்குள்ள அரை மைல் நடந்தா, நடுவுல ஒத்தை நாட்டுக்கருவேல் நிக்கும், கிளை கொள்ளாத நெத்தோட. இப்படித்தான் நாங்க ரெண்டு பேருமாக் கண்டுபிடிச்சோம். வண்டியை நான் நிப்பாட்டலைன்னா அந்த மரம் கிடைச்சிருக்குமா? சொல்லுங்க.

ஒருநாள் மேடமும் கூட வந்தாக. ஒரு கிழட்டு மரத்தைக் காட்டி, தவசி அண்ணே இது என்ன மரம்னாக. அடிமரம் கருத்துக் கிடந்துச்சு. கருவேல்ன்னு சொல்லிட்டேன். பின்னாடி நின்ன இவ தலையை ஆட்டுறா. இல்லைங்கிற மாதிரி. மேடம் அதைப் பார்த்துட்டாக. நீங்க சொல்லுங்கம்மான்னு இவளைக் கேட்டாக. இவ என்னைப் பார்த்துட்டு, மெல்லமா, வெள்வேல்ங்கிறா. வயசாயிருச்சுன்னா அடியில வெள்ளை போயிரும், மேல்கொப்பைப் பார்க்கணுமாம். பார்த்தா மேல்கொப்பு வெள்ளையாத்தான் இருந்துச்சு. இருக்கட்டுமே. அதை வீட்டுக்கு வந்து என்கிட்டத் தனியாச் சொல்லலாம்ல? அன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு போடு போட்டேன். கோபத்துல இல்லை. நாளைக்கும் நாலு பேரு முன்னாடி இப்படிச் செய்யக்கூடாதுல்ல, அதுக்காக.

அதுக்கப்புறம் அவளே ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டா. என் முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிடுவா. விரலால முதுகுல ஒரு தட்டுத் தட்டினாக் கருவேல், ரெண்டு தட்டினா வெள்வேல், கையை வச்சு எடுக்காம இருந்தாக் குடைவேல். நான் சத்தமாச் சொல்லுவேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. மேடம் அப்படியே அசந்து போயிருவாக. புருசன் பொண்டாட்டி ஒத்துமைன்னா அப்படி இருக்கணும்.

அவ வராத அன்னைக்கு நான் தனியாப் போயி ஒரு சாக்கு நெத்து கொண்டாந்தேன். மஞ்சப் பூ, முள்ளு, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. மேடம் கையில எடுத்துப் பார்த்துட்டு இது பீவேலம்ணே, இதுவும் வெளிநாட்டுல இருந்து வந்ததுதான், வேண்டாம்னுட்டாக. எங்க தாத்தன் காலத்துல இருந்து எங்க ஓடையில நிக்கிற மரம் அது. அது வெளிநாடாம். சரி, படிச்சவுக சொன்னாச் சரின்னு விட்டுட்டேன்.

முள்ளுக்காட்டுல வேலைன்னு அமைப்புல இருந்து கையுறை குடுத்தாக, தொப்பி குடுத்தாக, கண்ணை மூடுற மாதிரி ஒரு கண்ணாடி குடுத்தாக. வீட்டுக்கு ஒண்ணுதான். கண்ணாடியை நான் வச்சுக்கிட்டேன். வண்டி ஓட்டுறது யாரு? எதுத்தாப்புல பூச்சி வந்து கண்ணுல அடிச்சா ரெண்டு பேரும்ல விழணும்? அவ பின்னாடிதானே உக்காந்திருக்கா. கையுறை அவளுக்குத்தான் குடுத்தேன். அதையுங்கூட அவ போட மாட்டா. கையுறையைப் போட்டா நெத்து முத்தினது தெரியலைன்னு கழத்தி இடுப்புல சொருகிக்கிடுவா.

போன சித்திரையில, கம்மாய்க்கு அந்தப் பக்கம் நல்ல கருவேல் ஒண்ணு. நெத்து சரஞ்சரமாத் தொங்குது. நான் தொரட்டியை மாட்டிக் கொப்பை வளைச்சுப் பிடிச்சிருக்கேன். அவ கீழ நின்னு பறிச்சுப் போடுறா. நெத்து சிதறாம இருக்கணும், கிட்ட வந்து நில்லுன்னேன். கிட்டன்னா அவ்வளவு கிட்டயா? தொரட்டி நழுவிருச்சு. கொப்பு விசுக்குன்னு போயி அவ மூஞ்சியில அடிச்சிருச்சு. கருவேல முள்ளு பார்த்திருக்கீகளா? விரல் நீளத்துக்கு வெள்ளையா நிக்கும். இடது கண்ணைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டா. கத்தக்கூட இல்லை. அதனால பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன். முள்ளு ஒடிஞ்சு உள்ள நிக்கலை. உரசிட்டுப் போயிருச்சு, அவ்வளவுதான்.

மறுநா கண்ணு செவந்து, இமை வீங்கி, தண்ணியா ஊத்துது. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா. போகலாம்தான். நான் போக வேண்டாம்னு ஒருநாளும் சொல்லலை. நெத்து முடியட்டும்னுதான் சொன்னேன். அந்த வேலையோட பாடு உங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி. முத்தின நெத்து மரத்துல நிக்காது. ஒரு காத்து அடிச்சா உதிர்ந்துரும். உதிர்ந்தா ஆடு தின்னுரும். ஆடு விட்டதை வண்டு தின்னுரும். கெடு குடுத்தா நிக்கிற சாமானா அது? அதுவும் அந்த வருசம் விதை நல்லபடியா முளைச்சா நாத்துப்பண்ணையை என் பொறுப்புல விடுறேன்னு மேடம் சொல்லியிருந்தாக. காலாகாலத்துக்கும் நிழல்ல உக்காந்து பார்க்கிற வேலை. அதை விட்டுட்டு ஆஸ்பத்திரியில போயி நிக்க முடியுமா?

அதுக்காக நான் சும்மா விட்டுறலை. பக்கத்து ஊருல நாக்கால தூசி எடுக்கிற பெரியவர் ஒருத்தர் இருக்காரு. இமையை விரிச்சுப் பிடிச்சு நாக்கால ஒரு தடவு தடவினார்னா உள்ள கிடக்கிற துரும்பு ஒட்டிக்கிட்டு வந்துரும். எங்க பக்கம் கண்ணுல உமி விழுந்தாலும் பஞ்சு விழுந்தாலும் அவருகிட்டத்தான் ஓடுவாக. அவருகிட்டக் கூட்டிட்டுப் போனேன். தடவி எடுத்து உள்ளங்கையில வச்சுக் காட்டினாரு. என்னமோ கருப்பா இருந்துச்சு. அவ்வளவுதான், சரியாயிரும்னாரு. அடுத்த வீட்டுப் பிள்ளைபெத்தவகிட்டச் சொல்லி ரெண்டு வேளையும் தாய்ப்பால் பீச்சி ஊத்தச் சொன்னேன். இதுக்கு மேல ஒரு புருசன் என்ன செய்வான்? பிறகு கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போனப்ப அங்க ஒரு டாக்டரம்மா இதையெல்லாம் கேட்டுட்டு எழுதுறதை நிறுத்திட்டு என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருந்தாக. நாக்கும் பாலும் பட்டுத்தான் உள்ள புண்ணு பரவிருச்சாம். முதல் நாளே வந்திருந்தாச் சொட்டு மருந்துல போயிருக்குமாம். நான் என்ன விஷத்தையா ஊத்தினேன்?

அந்த நாள்லயும் அவ வேலைக்கு வந்தா. அதைச் சொல்லணும். நான் வற்புறுத்தலை, வாரியான்னு கேட்டேன், எந்திரிச்சு வந்துட்டா. ஒரு துணியால கண்ணைக் கட்டிவிட்டேன். வெளிச்சம் பட்டா வலிக்குதுன்னா. துப்பாக்கி சுடுறவன் ஒரு கண்ணை மூடிக்கிட்டுத்தானே குறி பார்க்கான், உனக்கும் இனிமே குறி தப்பாதுன்னு வேடிக்கையாச் சொன்னேன். அவ சிரிக்கலை. அவளுக்கு எப்பவுமே வேடிக்கை புரியாது.

ஆனா நான் சொன்னது நடந்துச்சு பாருங்க. அன்னைக்குத்தான் அந்தக் குடைவேல் கிடைச்சுது. எங்க வட்டாரத்துலயே இனிமே குடைவேல் இல்லைன்னு மேடமே கைவிட்டிருந்தாக. வைப்பாத்து மணல்மேட்டுல, பனைக்குப் பின்னாடி, ஒத்தை மரம். ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு, அதுலயும் தண்ணி ஒழுக ஒழுக, வண்டியில போறப்பவே தோள்ல தட்டிட்டா. நெத்து சுருள் சுருளா, கைகொள்ளாமக் கிடந்துச்சு. மேடத்துக்குப் போன் போட்டேன். வந்து பார்த்து அவுகளுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. மரத்தடியில என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தாக. அந்தப் போட்டோ இன்னும் அவுக ஆபீஸ்ல மாட்டியிருக்கு. தலையில கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு நிப்பேன், நல்லா இருக்கும். இவளை அந்நேரம் வீட்டுல கொண்டுபோயி விட்டுட்டேன். கட்டுப் போட்ட மூஞ்சியோட போட்டோவுல நின்னா நல்லாவா இருக்கும்?

நெத்தெல்லாம் முடிஞ்ச பிறகுதான் கட்டை அவுத்துப் பார்த்தோம். கண்ணுல பூ விழுந்துருச்சு. கருப்பு முழியே தெரியலை. பால் திரைஞ்ச மாதிரி இருந்துச்சு. அந்த நேரம் பார்த்து அவ அண்ணன் ஊருக்கு வந்தாரு. கருத்தப்பாண்டின்னு பேரு, தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. பார்த்தாரு. ஆட்டோவைக் கூப்பிட்டு ஏத்திட்டாரு. திருநெல்வேலி கண்ணாஸ்பத்திரியில சேர்த்தாக. நானும் பின்னாடியே போனேன். இடது கண்ணு இனிமே இல்லைன்னுட்டாக. வலது கண்ணையாவது பத்திரமாப் பார்த்துக்கிடணும், புழுதியிலயும் முள்ளுக்காட்டுலயும் இனிமேல் போகவே கூடாதுன்னு டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னாக. தலையை ஆட்டினேன். ஆஸ்பத்திரியில எல்லாம் அப்படித்தான் சொல்லுவாக. அவுக சொல்றதை எல்லாம் கேட்டா நம்மள மாதிரி ஆளுக எப்படிப் பிழைக்கிறது?

எனக்கு ஆத்திரம் எதுலன்னா, அங்க இருந்து அவ அண்ணன் அவளை நேரா எட்டயபுரத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. கட்டின புருசன் பக்கத்துல நிக்கேன். மச்சான், கூட்டிட்டுப் போகட்டுமான்னு ஒரு வார்த்தை கேக்கணுமா வேண்டாமா? ஆட்டைப் பிடிச்சுட்டுப் போற மாதிரி பிடிச்சுட்டுப் போயிட்டாரு. இவளும் திரும்பிப் பார்க்காமப் போறா. ஒரு கண்ணுதான் போச்சு, இன்னொரு கண்ணு இருக்குல்ல, அதால ஒரு தடவை பார்த்திருக்கலாம்ல?

அந்த வருத்தத்தை நான் மனசுல வச்சுக்கிடலை. நான் அப்படி ஆளு இல்லை. ஆடி மாசம் நானே இறங்கிப் போனேன். எதுக்குன்னா, நெத்தை எல்லாம் அடிச்சு விதையாக்கிச் சாக்குல கட்டி வச்சிருந்தேன். அதுல நல்லது எது, வண்டு விழுந்தது எதுன்னு பிரிக்கணும். தண்ணியில போட்டு மிதக்கிறதை எடுத்துறலாம்பாக. அது முழுசாச் சரி வராது. வண்டு முட்டை வச்ச விதையும் முங்கத்தான் செய்யும். வெளியில பார்த்தா ஓட்டை இருக்காது, பளபளன்னு இருக்கும், உள்ள தூளா இருக்கும். வெயிலுகந்தாளுக்குத்தான் அந்தக் கை. விதையைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரல் நகத்துக்கும் நடுவுல வச்சு ஒரு அழுத்து, சொத்தைன்னாத் தள்ளிருவா. அதுக்குக் கண்ணே வேண்டாம். அதனாலதான் தைரியமாச் சாக்கைத் தூக்கிட்டுப் போனேன். கண்ணு போனா என்ன, கை இருக்குல்ல?

மச்சான் வேலைக்குப் போயிட்டாரு. அவ முற்றத்துல இருந்தா. சாக்கை இறக்கி வச்சுட்டு, வெயிலு, இதைப் பிரிச்சுக் குடு, மேடம் கேக்காகன்னேன். சாக்குக்குள்ள கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தா. மாட்டேன்னு சொல்லுவாளோன்னு நெனச்சேன். சொல்லலை. உள்ள போயி சொளகை எடுத்துட்டு வந்து உக்காந்துட்டா. மத்தியானம் சாப்பிடக்கூட எந்திரிக்கலை. ஒத்தை ஒத்தை விதையா அழுத்திப் பார்த்துப் பார்த்துப் பிரிச்சா. நான் வேப்ப மரத்தடியில படுத்துத் தூங்கிட்டேன். எந்திரிச்சுப் பார்த்தா ரெண்டு குவியல்.

"இது நல்லது. இது சொத்தை"ன்னா.

அவ்வளவுதான் பேசினா. அது போதும் எனக்கு. நல்லதைச் சாக்குல அள்ளிப் போட்டு வாயை அவளே ஊசி வச்சுத் தச்சுக் குடுத்தா. மனசுல வெறுப்பு இருக்கிறவ அப்படித் தச்சுக் குடுப்பாளா? சொத்தையை என்ன செய்யட்டும்னு அவ கேக்கலை, நானாத்தான் சொன்னேன், அந்தக் குப்பைக்குழியில கொட்டிருன்னு. சரின்னு தலையை ஆட்டினா. சமாதானம் ஆயிட்டான்னு நெனச்சு சந்தோசமா ஊருக்கு வந்தேன். கூப்பிடத்தான் மறந்துட்டேன். விதைச் சாக்கு கையில இருந்த நெனப்புல பஸ் ஏறிட்டேன்.

புரட்டாசியில விதைச்சாக. பைபையா மண்ணு நிரப்பி, கொதிக்கிற தண்ணியில ஊறப்போட்டு எடுத்து, ஒவ்வொரு பைக்கும் ரெண்டு விதை. நான்தான் நின்னு எல்லாம் செஞ்சேன். மறுநாள்ல இருந்து காலையில எந்திரிச்சதும் அங்கதான் போயிப் பார்ப்பேன். வெறும் மண்ணு. தண்ணி தெளிச்சுத் தெளிச்சுப் பார்த்தேன். பையில எல்லாம் கோரைதான் முளைச்சுது. ஒண்ணுகூட, பேருக்கு ஒண்ணுகூட வேல் முளைக்கலை. அந்தக் குடைவேல் விதையும் அதுல போச்சு. அந்த மரம் ஐப்பசிக் காத்துல சாஞ்சிருச்சு, இனிமே அதுல இருந்து எடுக்கவும் வழியில்லை. மேடம் ஒரு பையைக் கொட்டி, விதையை எடுத்து பிளேடால வெட்டிப் பார்த்தாக. உள்ள தூளு. இன்னொண்ணு. அதுவும் தூளு. மூஞ்சியில முழிக்க முடியலை எனக்கு.

யாருண்ணே பிரிச்சதுன்னு கேட்டாக. என் மேல தப்பு இல்லைன்னு தெரியணும்ல. என் சம்சாரந்தான் மேடம், கண்ணு போனதுல இருந்து அவளுக்குக் கையும் சரியா ஓடலை போலன்னு சொன்னேன். அவுக அப்படியே நிமிர்ந்து பார்த்தாக. கண்ணு போச்சா, எப்ப, எப்படின்னாக. நான் அதுவரைக்கும் அவுககிட்டச் சொல்லலை. வீட்டு விஷயத்தை எதுக்கு வெளியில சொல்லணும்னு விட்டுட்டேன். கேட்டுட்டாகளேன்னு நடந்ததைச் சொன்னேன். இப்ப உங்ககிட்டச் சொன்ன மாதிரியேதான் சொன்னேன். கேட்டு முடிச்சதும், அந்தக் கண்ணாடி உங்ககிட்டத்தானே இருந்துச்சுன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டாக. ஆமான்னேன். நாளையில இருந்து நீங்க வர வேண்டாம்னுட்டாக.

பாருங்க அநியாயத்தை. விதையைக் கெடுத்தது அவ. வேலை போனது எனக்கு. இதை யாருகிட்டப் போயிச் சொல்றது?

கார்த்திகையில மழை நின்னதும் எட்டயபுரம் போனேன். சண்டை போடப் போகலை. என்னதான் நடந்துச்சுன்னு கேட்டுட்டு வரலாம்னுதான் போனேன். முன்வாசல்ல ஆளில்லை. வீட்டைச் சுத்திப் பின்னாடி போனா, ஓடைக்கரைப் புறம்போக்குல நின்னு தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கா. காலுக்கடியில பார்த்தேன். பார்த்தவன் அப்படியே நின்னுட்டேன் அண்ணாச்சி. கருவேல் கன்னு. வெள்வேல் கன்னு. அந்தக் கடைசியில, சின்னச் சின்னதா, மேடம் படத்துல காட்டுவாகளே அதே இலை, குடைவேல். முழங்கால் உசரத்துக்கு முளைச்சு நிக்குது, கரை நீளத்துக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஆடு கடிக்காம இருக்கச் சுத்தி முள்ளு வச்சிருக்கா. வரிசை வரிசையா நின்னுச்சு. குப்பைக்குழியில கொட்டினதை மழைத்தண்ணி இழுத்துட்டுப் போயிருக்கும், தண்ணி வரிசையாத்தானே ஓடும்?

எனக்கு அப்பத்தான் விளங்குச்சு. அவ குவியலை மாத்தி வச்சுட்டா. நல்லதைச் சொத்தைன்னு நெனச்சுக் கொட்டிட்டா, சொத்தையை நல்லதுன்னு எனக்குக் கட்டிக் குடுத்துட்டா. பாவம், ஒத்தைக் கண்ணுல இடது எது வலது எதுன்னு தெரியலை போல. வந்த கோபமெல்லாம் போயி எனக்கு அவ மேல இரக்கமாப் போச்சு. என் வேலை போனது போகட்டும்னு அந்த நிமிசம் தோணுச்சு. கிட்டப் போயி, வெயிலு, நீ குவியலை மாத்தி வச்சுட்ட, தெரியாமச் செஞ்சதுதானே, பரவாயில்லை, வா வீட்டுக்குப் போகலாம்னேன்.

அவ செம்பைக் கீழ வச்சா. முகத்தை முழுசாத் திருப்பி அந்த ஒத்தைக் கண்ணால என்னைப் பார்த்தா. கல்யாணம் ஆனதுல இருந்து அவ என்னை அப்படி நேராப் பார்த்ததில்லை.

"மாறலை. நான் எதையும் மாத்தி வைக்கலை"ன்னா.

சொல்லிட்டுச் செம்பை எடுத்துக்கிட்டு அடுத்த கன்னுக்குப் போயிட்டா.

எப்படி இருக்கு பாருங்க. கண்ணு முன்னாடி கன்னு நிக்குது, மாறிப்போச்சுங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? அப்பவும் மாறலைங்கிறா. அதுதான் அவகிட்ட உள்ள குறை. செஞ்ச தப்பை ஒத்துக்கிட மாட்டா. ஆமாங்க, கை தவறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே மன்னிச்சு, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பேன். நான் ராத்திரியெல்லாம் அதையே யோசிச்சுப் பார்த்திருக்கேன். மாறலைன்னா அப்ப வேற என்ன? வேற என்ன அர்த்தம் இருக்க முடியும்? ஒண்ணுமில்லை. பிடிவாதம், அவ்வளவுதான்.

அன்னைக்கு அவ அண்ணன் வந்துட்டாரு, அதனால நான் ஒண்ணும் பேசாம வந்துட்டேன். இன்னைக்கு அப்படி இல்லை. மச்சானும் அவரு சம்சாரமும் தீப்பெட்டி ஆபீஸ்ல இருப்பாக, பொழுது இறங்கித்தான் வருவாக. விசாரிச்சுட்டுத்தான் இந்த பஸ்ஸைப் பிடிச்சேன். வீட்டுல அவ மட்டுந்தான் இருப்பா. புருசன் பொண்டாட்டி பேசுற இடத்துல மூணாவது ஆளு இருந்தாப் பேச்சு ஒரு முடிவுக்கு வராது. முதல்ல அந்தக் கன்னுகளைப் பிடுங்கிப் போடணும். அதுகளுக்குத் தண்ணி ஊத்தணும்னுதான் அவ அங்கயே கிடக்கா. கன்னு இல்லைன்னா அங்க அவளுக்கு என்ன வேலை? பிறகு உக்கார வச்சுக் கேப்பேன். தப்பை ஒத்துக்கிட வைக்காம விட மாட்டேன். ஒத்துக்கிட்டா நானும் எல்லாத்தையும் மறந்துருவேன். வலது கண்ணு நல்லாத்தான் இருக்கு, சித்திரைக்கு முள்ளுக்காட்டுக்குப் போகலாம். இந்தத் தடவை கண்ணாடியைக்கூட அவளுக்கே குடுத்துரலாம்னு இருக்கேன்.

அந்தா, வந்துருச்சு. ஓடைப் பாலத்துல நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுவாரு. அங்க இருந்து வீடு பக்கந்தான். கண்டக்டர், பாலம் இறக்கம் இருக்கு. கொஞ்சம் காலை மடக்குங்க அண்ணாச்சி, நான் வெளியில வந்துக்கிடுறேன்.

என்ன, நீங்களும் எந்திரிக்கீக? கோயில்பட்டிக்குல்ல டிக்கெட்டு எடுத்தீக?